மைக் செட் தவினுக்கு விழுந்த ஒரே ஓட்டு

பெட்சபுரி மாகாணத்துச் சாய்காவ் கிராமத்தில் கடந்த நாற்பது வருஷமாக மைக் செட் தவின் வந்து வாழ்க்கை வரலாறு வாசிக்காமல் ஒரு பிணமும் எரிந்ததில்லை. பிக்குகள் ஓதி முடித்து, சவப்பெட்டி விகாரையின் பின்னால் இருக்கும் மேரு என்கிற எரிமேடையின் மேல் ஏறியதும், ஒருவர் மைக்கைப் பிடித்து, இறந்தவர் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை பெற்றார், எப்பேர்ப்பட்ட மனிதர் என்று சொல்லியாக வேண்டும். அது முடிந்ததும் பெட்டிமேல் காவித் துணி வைக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சின்ன ஆளில் ஆரம்பித்துப் பெரிய ஆளில் முடிய வேண்டும். கடைசியாகப் போகிறவர்தான் நெருப்பு வைப்பார். வரிசை தப்பினால் பெட்சபுரிக்காரர்கள் செத்தவனை மறந்தாலும் கூப்பிட்டவனை மறக்க மாட்டார்கள். தவின் வரிசை தப்பியதே இல்லை.

வாசிப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு தாள். பெயருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடம் விட்டிருக்கும். மற்றதெல்லாம் நிரந்தரம்: "பொறுமைசாலி, கொடையாளி, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர், விகாரைக்கு வேண்டியதைக் கேட்காமலே செய்தவர்." சேவல் சண்டையில் சொந்த அண்ணன் கையை வெட்டியவனுக்கும் இதுதான். வட்டிக்கு விட்டே வீடு கட்டிய கிழவிக்கும் இதுதான். இந்தச் சோம்பேறித்தனத்தைத் தவின் மறைத்ததில்லை. "நம்ம ஊர்ல கெட்டவன் ஒருத்தன்கூட செத்ததில்லய்யா. கெட்டவனெல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கோம்" என்பார்.

அந்தத் தாளில் ஒரு வரி கூட்ட வேண்டிய நிலைமை அவருக்கு அறுபத்தெட்டாவது வயதில் வந்தது. ஒரே ஒரு வரி. ஆனால் அதை வாசித்தால் மூன்று பேர் மானம் காற்றில் போகும், முதலில் போவது தவினுடையது. வாசிக்காவிட்டால், செத்துக்கொண்டிருந்தவனுக்குக் கொடுத்த வாக்கு போகும்.

விஷயம் புத்த ஆண்டு 2527இல் ஆரம்பித்தது. அந்த வருஷம் தவின் ஊர்த் தலைவர் தேர்தலில் நின்றார். நின்றார் என்பதுகூட அவருக்கு அதிகம், நிறுத்தப்பட்டார். முந்நூறு பனைமரத்துக்குச் சொந்தக்காரரான சங்கியம் தலைவராகப் போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஆள் நின்றால் தேர்தல் மாதிரியே இருக்காது என்று மாவட்டத் துணை அதிகாரி குறைப்பட்டுக்கொண்டார். அப்போது தவினுக்கு முப்பது வயது. ஊரில் இருந்த ஒரே ஒலிபெருக்கி அவருடையது.

"குரல் இருக்கு, மைக் இருக்கு, தலைவருக்கு வேற என்ன வேணும்? நில்லுடா தவின்" என்று பனை உச்சியிலிருந்து கத்தினான் தோங்யூ. பதநீர் இறக்கிச் சர்க்கரை காய்ச்சுகிறவன், தவினை விட மூன்று வயது மூத்தவன். மரத்தின் மேலிருந்து வந்த குரல் என்பதால் அது ஏதோ அசரீரி மாதிரி தவினுக்குப் பட்டது. போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளே சங்கியம் வீடு தேடி வந்தார். கையில் ஒரு சட்டி பனங்காய்க் குழம்பு.

"தம்பி, பிரச்சாரத்துக்கு உன் மைக் செட் வேணும்."

"எடுத்துக்கங்கண்ணே."

"செட் மட்டும் வந்து என்ன பண்ண? உன் குரல்ல சொன்னாத்தானே ஜனம் கேக்கும்."

அண்ணே, நானும்தானே நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார் தவின். வரவில்லை. பெரிய மனிதர், வாசலேறி வந்திருக்கிறார், குழம்பு வேறு சூடாக இருக்கிறது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. தவினுக்கோ அந்த வார்த்தையே தெரியாது. நாலு நாள் மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "உங்கள் பொன்னான வாக்கை அண்ணன் சங்கியத்துக்கே அளியுங்கள்" என்று தேனாகக் குழைந்தார். தன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தன் பெருமையைத் தானே பேசுவது அசிங்கம் என்று நினைத்தார். இப்படி ஒரு வேட்பாளர் பெட்சபுரி மாகாணத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தேர்தல் அன்று மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் பிரித்தவர், பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சங்கியத்துக்குப் போட்டார். நாலு நாளாகத் தன் காதாலேயே கேட்ட குரல், நம்பாமல் இருக்க முடியவில்லை. இதை அவர் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

விகாரை மண்டபத்தில் கரும்பலகை வைத்து எண்ணினார்கள். சங்கியத்தின் பக்கம் கோடுகள் கட்டுக்கட்டாக வளர்ந்தன. தவின் பக்கம் சுத்தமாக இருந்தது. மதியத்துக்கு மேல் துணை அதிகாரி ஒரு சீட்டை எடுத்தார். அது அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், மற்ற கையில் ஒட்டியது. மண்டபமே சிரித்தது.

"என்னய்யா இது, சர்க்கரைப் பாகா? தவின். ஒண்ணு."

மொத்தம் நூற்று அறுபத்து மூன்று ஓட்டு. சங்கியத்துக்கு நூற்று அறுபத்திரண்டு.

சங்கியத்தின் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் யார் கை ஒட்டுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தவினின் மனைவி லம்பூ எழுந்தாள். சந்தையில் பனம்பழப் பலகாரம் விற்பவள் அவள்.

"என்ன துழாவுறீங்க? அது என் சீட்டு. பலகாரம் பெசஞ்ச கையோட வந்துட்டேன். புருஷனுக்குப் பொண்டாட்டி ஓட்டுப் போட்டா அதுக்கு ஒரு விசாரணையா?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், விஷயம் முடிந்தது. தவின் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். ஊரே கைவிட்டாலும் இவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இவள் இருக்கும்போதே நாம் நமக்குப் போடவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த வெட்கத்தை லம்பூ முப்பத்தெட்டு வருஷம் உழுது பயிர் செய்தாள். வீட்டுக் கூரைக்கு என்ன நிறம், மகளை எங்கே படிக்க வைப்பது, சேவல்களை விற்பதா வைத்துக்கொள்வதா, எந்தச் சண்டையானாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: "ஒனக்கு விழுந்த அந்த ஒத்த ஓட்டு யாரு போட்டது?" தவின் வாயை மூடிக்கொள்வார். அப்படித்தான் கூரை பச்சையாயிற்று, மகள் நர்ஸானாள், சேவல்கள் போயின. நாய்க்குப் பெயர் வைக்கும் உரிமைகூட அந்த ஓட்டோடு போய்விட்டது.

ஊர் அந்த ஒற்றை ஓட்டை எப்போதோ மறந்துவிட்டது என்று மட்டும் தவின் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவர் தலைநிமிர்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோங்யூ அறுபத்தாறு வயது வரை மரம் ஏறினான். அதன் பிறகு நுரையீரல் பழுதாகிப் படுத்தான். எழுபத்தோராவது வயதில், இனி ஒரு வாரம் தாண்டாது என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தவின் பார்க்கப் போனபோது தோங்யூவின் மகள் துவன்ஜாய் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், உன் தாளைக் கொண்டாந்தியா?" என்றான் தோங்யூ.

"எந்தத் தாள்?"

"பொறுமைசாலி, கொடையாளி. அதான்."

"அபசகுனமாப் பேசாதே."

"சாவுக்கு அளவெடுக்க வந்துட்டு சகுனம் பாக்குறான் பாரு." சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "எங்கம்மா செத்தப்ப நீ வாசிச்சே, நினைவிருக்கா? நீ தேர்தல்ல நின்னதுக்கு முந்தின வருஷம்."

தவினுக்கு நினைவில்லை. ஆயிரம் சாவு வாசித்தவர்.

"மரமேறி வீட்டுச் சாவு. பதினோரு பேரு வந்திருந்தாங்க, அதுல நாலு பேரு தூக்க வந்தவங்க. அதுக்கு முந்தின வாரம்தான் சங்கியத்தோட அப்பனை எரிச்சது. அவருக்கு வாசிச்ச அத்தனையும் எங்கம்மாவுக்கும் வாசிச்சே. ஒரு வரி கொறைக்கல. எங்கம்மாவைக் கொடையாளின்னு மைக்ல சொன்ன ஒரே ஆளு நீதான்."

அது சோம்பேறித்தனம், வேறு தாள் எழுத உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தார் தவின். வழக்கம்போல வாய் வரவில்லை.

"அதுக்குத்தான் ஒனக்கு ஓட்டுப் போட்டேன்" என்றான் தோங்யூ.

"யாரு?"

"நான்தான். காலைல பாகு இறக்கிட்டு அப்படியே வந்தேன். கையக் கழுவ மறந்துட்டேன். சங்கியத்தோட முப்பது மரத்துல ஏறிப் பொழைச்சவன் நான். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எறக்கி விட்டிருப்பான். அதனால வாயத் திறக்கல. இப்ப எந்த மரத்துலேர்ந்து என்னை எறக்கப் போறான்?"

தவின் தலையைச் சொறிந்தார். "அது லம்பூ போட்டதுன்னு..."

"அதை அவகிட்டயே கேட்டுக்க. நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேக்குறேன். எங்கம்மாவுக்கு வாசிச்சதையே எனக்கும் வாசி. கடைசில இந்த ஓட்டை மட்டும் ஒரு வரி சேத்துக்க. என் வாழ்க்கைல ஊரே ஒரு பக்கம் போனப்ப நான் தனியா ஒரு பக்கம் போனது அந்த ஒரு தடவைதான். அது யாருக்கும் தெரியாமயே எரிஞ்சு போறதா?"

"வாசிக்கிறேண்ணே" என்றார் தவின். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் வேறு என்ன சொல்வார். நாலாம் நாள் தோங்யூ செத்துப்போனான்.

மூன்று நாள் ஓதல் நடந்தது. அந்த மூன்று நாளும் தவின் தப்பிக்க வழி தேடினார். நெருப்பு வைக்கப் போகிறவர் எண்பத்தோரு வயது சங்கியம் என்று துவன்ஜாய் வந்து சொன்னதும், தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதைச் சொன்ன குரல் மணிபோல இருந்ததால் அவள் நம்பவில்லை. முன் வரிசையில் சங்கியம் உட்கார்ந்திருப்பார். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஓட்டைத் தன்னுடையது என்று சொன்ன லம்பூவும் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்கலாமென்று இரண்டு தடவை வாயெடுத்தார். கேட்டுவிட்டால் கூரை, மகள், சேவல் எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார். இதற்கெல்லாம் மேலே, மறந்துபோன ஊருக்குத் தன் ஒற்றை ஓட்டைத் தானே மைக் வைத்து நினைவூட்ட வேண்டும்.

கடைசியில் கோழைக்கு ஏற்ற வழி ஒன்று கிடைத்தது. சாவு மேளக் குழுவின் தலைவன் பிளெக்கைத் தனியே கூப்பிட்டார்.

"நான் வாசிச்சு முடிக்கிறப்ப ஒரு தடவை இருமுவேன். இருமினதும் நீ மத்தளத்தை ஓங்கி அடி."

"எதுக்குண்ணே?"

"துக்கம் கூடும்."

பிளெக் தலையாட்டினான். வாசிக்கவும் செய்யலாம், யார் காதிலும் விழவும் விழாது. செத்தவனையே ஏமாற்றுகிற வழி இது என்று தவினுக்குத் தெரியும். ஆனாலும் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நாலு மணிக்குப் பெட்டி மேருவில் ஏறியது. கறுப்புச் சட்டையில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தவின் வாசித்தார். பொறுமைசாலி, கொடையாளி, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர். பெட்டிக்கு முன்னால் தோங்யூவின் படம் இருந்தது, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட முகம். கடைசி வரி வந்தது. தவின் இருமினார்.

மத்தளம் சத்தமே காட்டவில்லை. மறுபடி இருமினார். பிளெக் பதறி எழுந்து வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்த மூக்கில் உறிஞ்சும் கற்பூரக் குப்பியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினான். "நிதானமா வாசிங்கண்ணே, அவசரமில்ல" என்று முதுகைத் தடவிவிட்டு உட்கார்ந்தான்.

வேறு வழியில்லை. தவின் தலையைக் குனிந்துகொண்டு மைக்கை மோவாய்க்குக் கீழே இறக்கி, ஒரே மூச்சில் முணுமுணுத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

"கேக்கல. கடைசியா என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல பாட்டி."

"ஒண்ணுமில்லாததையா வாசிச்சே? சத்தமாச் சொல்லு. செத்தவனுக்குக் கேக்க வேணாமா?"

தவின் படத்தைப் பார்த்தார். பதினோரு பேர் வந்த சாவில் ஒரு வரி குறைக்காமல் வாசித்தவனாம். அந்த ஒரு நல்ல காரியத்தையும் தெரியாமல்தான் செய்திருக்கிறோம், இதையாவது தெரிந்து செய்வோம் என்று தோன்றியது. மைக்கை நிமிர்த்தினார்.

"இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தேழாம் ஆண்டு ஊர்த் தலைவர் தேர்தலில், நூற்று அறுபத்து மூன்று பேரில், மைக் செட் தவினுக்கு ஓட்டுப் போட்ட ஒரே மனிதர் இவர்."

தாள் அங்கே முடிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. மைக்கில் இருக்கிறோம் என்பதே மறந்து சொந்தப் பேச்சில் தொடர்ந்தது.

"நான்கூட எனக்குப் போடல. இவன்தான் போட்டான்."

விசிறிகள் நின்றன. முன் வரிசையில் சங்கியம் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லம்பூ பக்கம் திரும்பத் தவினுக்குத் தைரியம் வரவில்லை. காவித் துணி வைக்க வேண்டியவர்களின் பட்டியலை எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார். வரிசை தப்பவில்லை. கடைசியாகச் சங்கியம் படியேறினார், துணியை வைத்தார், நெருப்பு வைத்தார், பெட்டியருகே வெகுநேரம் நின்றார். இறங்கி நேராக மைக் இருந்த இடத்துக்கு வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன்."

"சொல்லியிருந்தா?" என்றார் தவின்.

கிழவர் யோசித்தார். "மரத்தைப் புடுங்கியிருப்பேன். அது வேற விஷயம். ஆனாலும் சொல்லியிருக்கலாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்துவிட்டார்.

சங்கியம் வைத்தது சடங்கு நெருப்பு, ஊரார் சந்தனச் சீவலில் செய்த பூவை வைத்த பிறகுதான் பெட்டி எரியும். பூ வைக்க ஜனம் வரிசையில் நகர்ந்தது. பூவை வைத்துவிட்டு இறங்கிய ஒவ்வொருவரும் தவினிடம் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஊர் எதையும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"அண்ணே, நான் ஒங்களுக்குத்தான் போடணும்னு வந்தேன். பேனா வழுக்கிருச்சு."

"எங்கப்பா சாகும்போதுகூட ஒங்களுக்குப் போடலியேன்னு வருத்தப்பட்டாரு."

"மனசு முழுக்க நீதான் தவின். கைதான் சங்கியம்."

புகை வரத் தொடங்குவதற்குள் தவினுக்குப் பத்தொன்பது ஓட்டு சேர்ந்துவிட்டது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் அது. அவர் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். இப்போதும் தோற்றிருப்போம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டார்.

கடைசியாக லம்பூ வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் கிடந்த ஒயரை எடுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"ஓட்டுப் போட்ட அன்னைக்கு வரிசைல எனக்கு முன்னாடி நின்னாரு" என்றாள் கடைசியில். "கை பூரா பாகு. சீட்டைப் பிரிக்கவே முடியல அந்த மனுஷனால. சங்கியத்தோட ஆளுங்க கையப் பாக்க ஆரம்பிச்சதும் அவரு ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சு அழுத்திக்கிட்டாரு. சின்னப் புள்ள மாதிரி. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சுட்டேன்."

வருஷா வருஷம் தோங்யூ காய்ச்சிய பருவத்தின் முதல் பானைப் பாகு ஏன் தங்கள் வீட்டுக்கே வந்தது என்று தவினுக்கு இப்போது விளங்கியது. லம்பூவின் பலகாரத்துக்கு மரியாதை என்று நினைத்திருந்தார்.

"சரி. அப்ப நீ யாருக்குப் போட்டே?"

"சங்கியத்துக்குத்தான்."

"ஏண்டி?"

"நீதானேய்யா நாலு நாளா மைக்ல கேட்டே. புருஷன் பேச்சைக் கேக்கணும்னு கேட்டேன், அந்த ஒரு தடவை."

தவினுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சாவுக்கு வந்த இடத்தில் சிரிக்கக் கூடாதென்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"முப்பத்தெட்டு வருஷம் அதை வச்சே என்னை ஆண்டுட்டே."

"பின்ன? அந்த மனுஷன் பயந்து பயந்து போட்ட ஓட்டு. வீணாப் போக விட முடியுமா?"

அவர் தலையை நிமிர்த்தினார். மேருவின் புகைபோக்கியில் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. நூற்று அறுபத்து மூன்று பேர், அதில் அவரும் உண்டு, அவர் பெண்டாட்டியும் உண்டு. அவர் தலைவராக லாயக்கு என்று நினைத்தவன் ஒரே ஒருவன். அவன் அதோ போய்க்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது தெரிந்திருந்தால் ஒரு நன்றி சொல்லியிருக்கலாமே என்று தவின் நினைத்தார்.

அறிவிப்பு ஒன்று பாக்கி இருந்தது. மைக்கை எடுத்தார். "ஊர்ப் பெரியோர்களே" என்று தொடங்கியவருக்கு அதற்கு மேல் வரவில்லை. திரும்பத் தொடங்கினார். காற்றுதான் வந்தது. ஜனம் நின்று பார்த்தது.

லம்பூ ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எலும்பு பொறுக்க எல்லாரும் வந்துருங்க" என்றாள். "மைக் செட்காரருக்கு இன்னைக்கு நிஜமாவே தொண்டை சரியில்ல."